சிவப்பா, பச்சையா?

கழுகுமலை ரோடு, கோவில்பட்டி வழி
17 ஜூன் 2024

அன்பு மருமகள் ஜீனாவுக்கு யோவான் மாமா எழுதுவது. அந்தோனியார் புண்ணியத்தில் நானும் உன் கிருபா அத்தையும் இரண்டு வெள்ளாடும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா?

நீ மெட்ராஸில் ஏதோ போனில் கேட்கிற ரேடியோவுக்குத் தினமும் தொடர்கதை எழுதுகிறாயாம். தபால் கொண்டுவருகிற முத்துசெல்வி சொன்னாள். கேட்டதும் எனக்கு ஆச்சரியமே இல்லை. யார் ரத்தம்? உன் அம்மா, என் தங்கை, பாவம், வாய் திறக்காதவள். இந்த வித்தை மாமன் வழியாகத்தான் வந்திருக்க முடியும்.

நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அதனால் பத்தாம் வகுப்புக்குச் சமம். படித்து முடித்ததும் டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ் வண்டியில் மைக் பிடித்தேன். கதையை முழுசாகச் சொல்ல மாட்டேன். மேலத்தெருவில், "கதவு திறக்கிறது, உள்ளே வருவது யார்..." என்று நிறுத்திவிட்டு வண்டியை விடச் சொல்வேன். சனம் வண்டிக்குப் பின்னால் ஓடி வரும். கீழத்தெருவில் பாதியை விடுவேன். மீதியை வெள்ளித்திரையில் காண்க! ஒரு தடவை ஒரு கர்ப்பிணி ஓடிவந்து கொட்டகை வாசலில் பிரசவித்தாள். பிள்ளைக்கு என் பெயர்தான். பொம்பளைப் பிள்ளை என்றாலும் யோவான்தான்.

போனில் பேசலாமே என்பாய். முப்பத்தைந்து வருஷம் ரேடியோ செட் ஒலிபெருக்கிக் குழாய்க்குக் கீழே உட்கார்ந்த காது இது. காது மிஷின் மாட்டினால் எதிரில் நிற்பவர் பேச்சு கேட்கும். போனில் கொய்ங் என்ற சத்தம்தான். அதனால் காகிதமே நமக்குத் தொடர்பு.

டெல்வினைக் கேட்டிருந்தாய். என் மகன் இப்போது கப்பலில் இரண்டாவது ஆபீசர். போன வாரம் நடந்ததைக் கேள். நடுக்கடல். பனைமர உயரத்துக்கு அலை. கேப்டன் காய்ச்சலில் படுத்துவிட்டார். நம்ம பயல் ஒருத்தனாக மேல்தட்டில் நிற்கிறான். இருட்டு. அப்போது தூரத்தில் ஒரு விளக்கு! பச்சை என்றால் வழி இருக்கிறது. சிவப்பு என்றால் எதிரே இன்னொரு கப்பல், அவ்வளவுதான். எல்லாரும் கீழிருந்து கத்துகிறார்கள்: "சார், சிவப்பா பச்சையா?" டெல்வின் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்கிறான்...

இன்லேண்டு லெட்டரில் இடம் தீர்ந்துவிட்டது.

அன்பு மாமா
யோவான்

*

சென்னை
29 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு, ஜீனாவின் வணக்கம். இருமல் விட்டுவிட்டது. சாப்பாடு ஹாஸ்டலில், வேளைக்குக் கிடைக்கிறது, ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

மாமா, இடம் தீர்ந்துவிட்டது என்று முடித்தீர்களே, நான் இன்லேண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மடிப்பில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்த்தேன். என் வேலையே இப்படி அடுத்தவர்களைத் திணற வைப்பதுதான். நானே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸில் இதற்கு இரண்டு கயிறு என்று சொல்லிக்கொள்வோம். ஒன்று கேள்விக் கயிறு. யார் அது, என்ன ஆயிற்று என்று முதலிலேயே ஒரு முடிச்சைப் போட்டுவிட வேண்டும். அவிழ்ப்பதைத் தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போடவும் வழிகள் உண்டு: பொய்யாக ஒரு விடை சொல்வது, பாதி விடை சொல்வது, விடை சொல்லப் போகும்போது குறுக்கே யாரையாவது நுழைப்பது. இரண்டாவது, செயல் கயிறு. ஒருவன் பூட்டில் சாவியை நுழைத்தால் கதவு திறந்தாக வேண்டும், திறந்தால் உள்ளே போக வேண்டும். ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டு ஓடும். கேட்கிறவர்களும் கூடவே ஓடுவார்கள், உங்கள் நோட்டீஸ் வண்டிக்குப் பின்னால் ஓடியதுபோல.

எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை பேர் கேட்பதை நிறுத்துகிறார்கள் என்று ஒரு கோடு கம்ப்யூட்டரில் தெரியும். என் கதையில் அந்தக் கோடு நான்காவது நிமிடத்தில் கிணற்றில் விழுவதுபோல விழுகிறது. இந்த அறையில் மாலைப் பொழுதுகளில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன்.

சீக்கிரம் எழுதுங்கள். சிவப்பா, பச்சையா?

அன்புடன்
ஜீனா

*

கழுகுமலை ரோடு
8 ஜூலை 2024

என் பேர் சொல்லும் மருமகளுக்கு மாமாவின் ஆசீர். அத்தையின் மூட்டு, மழை வருமா என்று வானிலை ஆபீஸைவிடச் சரியாகச் சொல்கிறது. இந்த வாரம் மழை இல்லையாம்.

கயிறு, முடிச்சு என்று எழுதியிருக்கிறாய். நல்லது. மானாவாரிக்காரனுக்கு அதை நீ சொல்லித் தர வேண்டாம். புரட்டாசியில் காய்ந்த கரிசலில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்காருகிறோமே, அது எந்தக் கயிறு? இன்றைக்கு வருமா, நாளைக்கு வருமா? எங்களுக்கு எபிசோடு எழுதுகிறவர் மேலே இருக்கிறார். அவரும் இடம் தீர்ந்துவிட்டது என்கிறார்.

சாமித்துரை டீக்கடையில் உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சாமித்துரை கேட்டான்: "அண்ணாச்சி, மருமவ கெட்டிக்காரிதான். நம்ம டெல்வின் கப்பல் இப்போ எங்கன நிக்குது?" நான் சிங்கப்பூரைத் தாண்டிவிட்டது என்றேன். "போன வாரமும் சிங்கப்பூருன்னுதான சொன்னீய?" என்றான். திரும்பி வருகிற சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டேன். தினமும் ஒரு எபிசோடு அவனுக்குத் தர வேண்டியிருக்கிறது. டீ ஆறிப்போகிறது.

விளக்கா? வருகிறேன். விளக்கு நெருங்கி வந்தது. பார்த்தால் மஞ்சளாகத் தெரிகிறது! பனிமூட்டம் அப்படி. கப்பலில் பூராப் பேரும் ஜெபம் சொல்கிறார்கள். டெல்வின் துரைமார் இங்கிலீஷில் ஒரு கட்டளை போட்டான். அது என்ன கட்டளை என்றால்...

அத்தை அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள் போல, கையை ஆட்டுகிறாள். பிறகு.

மாமா

*

சென்னை
14 ஆகஸ்ட் 2024

பிரியமான மாமா, உங்களுக்கும் அத்தைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு மாதம் எழுதாமல் விட்டதற்குக் கோபிக்காதீர்கள். கோபித்தாலும் இதைப் படித்துவிட்டுக் கோபியுங்கள்.

உங்களிடம் கேட்காமல் ஒரு திருட்டு செய்துவிட்டேன். கதையில் ஒரு இளைஞன் இருந்தான், வேலை வெட்டி இல்லாமல். அவனைக் கப்பலில் ஏற்றினேன். அலை, காய்ச்சல்காரக் கேப்டன், தூரத்து விளக்கு, எல்லாம் உங்களுடையதுதான். "சார், சிவப்பா பச்சையா?" என்ற இடத்தில் எபிசோடை வெட்டினேன். மறுநாள் கோடு விழவே இல்லை மாமா. கடைசி நொடி வரைக்கும் நேராகப் போனது. கீழே கருத்து எழுதுகிற இடத்தில் ஆயிரம் பேர் கேட்கிறார்கள். ஒருவர் பச்சையாக இருக்க வேண்டும் என்று ஜெபமே வைத்திருக்கிறாராம்.

மேலதிகாரி, விளக்கை இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போடு என்கிறார். பொய் விடை, பாதி விடை, குறுக்கே ஆள்: மூன்றையும் நீங்கள் ஒரே கடிதத்தில் செய்துவிட்டீர்கள். இனி எனக்கு உண்மை விடை வேண்டும். டெல்வினிடமே கேட்டு எழுதுங்களேன். அவன் நம்பரும் என்னிடம் இல்லை, பழையது போகவில்லை.

அன்புடன்
ஜீனா

*

கழுகுமலை ரோடு
22 ஆகஸ்ட் 2024

கதைத் திருடி ஜீனாவுக்குக் கதைச் சொந்தக்காரன் எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே உன் சுகம் இப்போது ஆயிரம் பேர் கையில் இருக்கிறது என்று தெரிகிறது.

ஊர் பூராவும் சொல்லிவிட்டேன். கோவில்பட்டி பஸ்ஸில் கண்டக்டரிடமும் சொன்னேன். அவர் என்னிடம் டிக்கெட்டே கேட்கவில்லை. (கேட்டார். ஆனால் மரியாதையாகக் கேட்டார்.)

முத்துசெல்வி தபால் கொடுத்துவிட்டுத் தன் போனில் உன் கதையை வைத்தாள். எனக்குக் கேட்காதே. அத்தை கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். அலை வந்த வரைக்கும் எழுதினாள். விளக்கு வந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தேன். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றாள். ஆடு குடித்து முடித்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

"ஏட்டி, என்ன?" என்று கேட்டேன். என் காதுக்கு நேராக வந்து, "வேற கதையே கெடைக்கலயா உமக்கு?" என்றாள். பொம்பளைகளுக்குக் கடல் என்றால் பயம்.

டெல்வினுக்கு நம்பர் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நம்பர். கப்பல் சட்டம் அது. நீ தள்ளிப்போடு மருமகளே. ஒரு வருஷம்கூடத் தள்ளலாம். அனுபவத்தில் சொல்லுகிறேன்.

மாமா யோவான்

*

சென்னை
3 அக்டோபர் 2024

மாமாவுக்கு, நலமாக இருக்கிறீர்களா? அத்தை நலமா? நான் நலம்.

போன மாதம் ஒரு நேயர் ஆபீஸில் என் நம்பர் வாங்கிப் போன் செய்தார். "அந்த விளக்கைப் பற்றி இனிமேல் எழுதாதீங்க" என்றார். ஏன் என்றேன். அவர் போனை வைக்கவில்லை. பின்னால் பெரிய பாத்திரங்கள் உருளுகிற சத்தம், யாரோ இந்தியில் சத்தம் போடுகிறார்கள். பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். எப்படிக் கூப்பிட்டார் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாளாகக் காகிதத்தை எடுக்கிறேன், வைக்கிறேன்.

மாமா, நான் ஒன்று கேட்கிறேன். இடம் தீர்ந்துவிட்டது என்று எழுதாதீர்கள். டெல்வின் கப்பலில்தான் இருக்கிறானா?

ஜீனா

*

கழுகுமலை ரோடு
14 அக்டோபர் 2024

மகளே ஜீனா, சுகம் விசாரித்ததற்கு நன்றி. விதை போட்டாயிற்று. உளுந்தும் பாசியும். காட்டுப்பன்றி தொல்லையால் மக்காச்சோளம் போடவில்லை. நான் பன்றி ஒன்றை வெறும் டார்ச் லைட்டால் விரட்டியதை உனக்கு எழுதியிருக்கிறேனோ? அது ஆனைக்குட்டி உயரம். நான் ஒரு காலை முன்னால் வைத்து...

இல்லை. அதை எழுதவில்லை.

இரண்டு இன்லேண்டு வாங்கி வைத்திருக்கிறேன். இடம் தீராது.

போன வருஷம் ஜூன் பதின்மூன்று, அந்தோனியார் சப்பரம். கப்பல் படிப்புக்கு டெல்வின் எல்லாப் பரீட்சையும் தேறிவிட்டான், கடைசியில் டாக்டர் சோதனை மட்டும். அன்றைக்குக் காலையில்தான் சோதனை முடிந்து வந்தான். கண் சோதனையில் தள்ளிவிட்டார்கள். அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியுமாம். பிறவியிலேயே அப்படியாம். கப்பலுக்கு அது ஆகாதாம்.

அதை அவன் என்னிடம் சொன்னான். நான் ரேடியோ செட்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தேன். காதில் மிஷின் இல்லை. அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அத்தையிடமும் சொல்லியிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் சப்பரம் புறப்படும்போது, ஊர் பூரா நிற்கிறது, மைக் என் கையில். "நமது ஊரின் முதல் கப்பல் அதிகாரி, யோவான் மகன் டெல்வின் அவர்களுக்குப் பொன்னாடை" என்று அறிவித்துவிட்டேன். சாமித்துரைதான் போர்த்தினான். சனம் கை தட்டியது எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். பயல் அந்தப் பொன்னாடையோடு சப்பரத்துக்குப் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. பொன்னாடையை மடித்து மைக் பெட்டிமேல் வைத்திருந்தான். பிள்ளை கப்பலுக்குப் போய்விட்டான் என்று ஊர் சொன்னது. நானும் ஆமாம் என்றேன். அன்றைக்கு ஆரம்பித்த தொடர்கதை. ஒரே ஒரு தடவை அத்தைக்குப் போனில் மூன்று வார்த்தை அனுப்பினான்: நல்லா இருக்கேன், தேடாதீங்க. அதோடு அந்த நம்பரும் செத்தது.

சின்னதில் மிளகாய் பறிக்க விட்டால் பழத்தையும் பச்சையையும் சேர்த்துக் கூடையில் போடுவான். சோம்பேறிப் பயல், பார்த்துப் பறிக்கவில்லை என்று அடித்திருக்கிறேன். பிறகு நுனி விரலால் அமுக்கிப் பார்த்துப் பார்த்துப் பறிப்பான். எனக்கு அப்போது விளங்கவில்லை. விளக்குக் கதையை ஏன் சொன்னேன் என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை. வேறு எந்தக் கதையைத் தொடங்கினாலும் அந்த விளக்கில்தான் கொண்டுபோய் விடுகிறது.

நீ எழுதினாயே, விடையைத் தள்ளிப்போட வேண்டும் என்று. உன் கதையில் விடையைத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், நீ. வேண்டும் என்கிறபோது அவிழ்ப்பாய். எங்கள் கதையில் அதை யார் வைத்திருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது மகளே.

இதை டீக்கடையில் வாசிக்கவில்லை.

யோவான்

*

சென்னை
9 நவம்பர் 2024

என் மாமாவுக்கு, ஜீனா எழுதுகிறேன். உங்கள் உடம்பையும் அத்தையின் உடம்பையும் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். மழை பெய்ததா? முளைத்துவிட்டதா?

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத எனக்கு ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பாதி அனுமதிதான் கிடைத்தது.

மாமா, என்னை மதினி முறை வைத்து "மைனி" என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருவனுக்குத்தான் உரிமை இருக்கிறது. போனில் அந்த நேயர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

டெல்வின் நன்றாக இருக்கிறான். ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல். முந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிறானாம். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். நம்பரும் தர முடியாது. எத்தனையோ எபிசோடுகளில் நேயர்களைத் தவிக்க விட்டதைவிட இது மோசம். விடையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆபீஸில் செய்யும்போது இது எனக்கு வலித்ததே இல்லை.

பாத்திரம் கழுவுகிற நேரத்தில் அங்கே எல்லாரும் கதை கேட்பார்களாம். அலை பனைமர உயரம் என்றதுமே, "இது எங்கப்பா அலைல்லா" என்று நினைத்தானாம். பிறகு விளக்கு வந்தது. "மைனி, அந்த டாக்டரும் இதத்தான் கேட்டாரு. செவப்பா பச்சையான்னு. ஊரு பூரா கேக்க வச்சிட்டாரே எங்கப்பா" என்றான்.

வீட்டுக்கு வாயேன் என்றேன். "வந்தா இன்னொரு பொன்னாட போடுவாரு" என்றான்.

நான் இதற்கு மேல் அவனை இழுக்க மாட்டேன். ஆனால் ஒன்று செய்யலாம். என் கதையில் அந்தப் பையனுக்குக் கரையில் ஒரு அப்பா இருக்கிறார். கப்பலுக்கு ஒயர்லெஸ்ஸில் பேச அவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கிறது. அவர் என்ன பேசுவார் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. எட்டுத் தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் எழுதி அனுப்புங்கள். அலை வேண்டாம், துரைமார் இங்கிலீஷ் வேண்டாம். கதை ஒலிபரப்பாகும் நாளை அவனிடம் சொல்லிவிடுவேன். கேட்பதும் கேட்காததும் அவன் பாடு.

ஜீனா

*

கழுகுமலை ரோடு
19 நவம்பர் 2024

ஜீனாவுக்கு, ஐப்பசி பிறந்ததுமே மழை பெய்தது. முளைத்துவிட்டது. அத்தைக்கு உன் கடிதத்தை வாசித்தேன். சாம்பார் வைக்கிறான் என்கிற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

நீ கேட்டது கீழே. முதலில் நான்கு பக்கம் வந்தது. அதில் ஒரு திமிங்கலம் இருந்தது. கிழித்துவிட்டேன்.

"மகனே, அப்பா பேசுதேன். அன்னைக்குக் காலைல நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. மிஷின் என் காதுலதான் இருந்துச்சு. கேக்காத மாதிரி வயர மாட்டிக்கிட்டு இருந்தேன். காது கேக்காதவன்னு உலகம் பூரா நம்பும், அதுல ஒளிஞ்சுக்கிட்டேன். ஒனக்குக் கண்ணு ஒண்ணும் கொற இல்ல. கேக்கக் கூடியத கேக்காம இருந்தவன் நான்தான். மெளகாய்க்கு அடிச்சதும் தப்பு. நீ வா, வராட்டாலும் சரி. நான் இனி மைக்க எடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். போன கடிதத்தில் மிஷின் இல்லை என்று உனக்கும் பொய்தான் எழுதியிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அத்தையிடம் நேற்றுச் சொன்னேன். ராத்திரிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரே உட்காராமல் போய்விட்டாள்.

யோவான்

*

சென்னை
7 டிசம்பர் 2024

மாமாவுக்கும் அத்தைக்கும் என் அன்பு. குளிருக்கு மூட்டு வலிக்குமே, அத்தை தைலம் தேய்க்கிறார்களா?

நீங்கள் எழுதியதை ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. மேலதிகாரி, முடிச்சே இல்லையே, அடுத்த நாள் எவன் வருவான் என்றார். அப்படியே போகட்டும் என்று சண்டை போட்டேன். போன வாரம் வியாழக்கிழமை போனது. விளக்கு என்ன நிறம் என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பையன் விளக்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டு நிற்பதோடு எபிசோடு முடிகிறது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. பாத்திரச் சத்தம் கேட்டது. பேசவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். வைத்துவிட்டான்.

மறுநாளிலிருந்து அவன் எடுக்கவில்லை மாமா. வருவானா, மாட்டானா, எனக்கும் தெரியாது. இதுவரை என் கையில் இருந்த விடையும் இப்போது என்னிடம் இல்லை. நாம் மூன்று பேரும் இப்போது ஒரே எபிசோடில் உட்கார்ந்திருக்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு கிடையாது. பண்டிகைக் கதை எழுத வேண்டும்.

ஜீனா

*

கழுகுமலை ரோடு
6 ஜனவரி 2025

அன்பு மருமகள் ஜீனாவுக்கு மாமா எழுதுவது. நாங்கள் சுகம். உன் புத்தாண்டு சுகமாக அமையட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை. அத்தை மூன்று இலை போட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. புத்தாண்டுப் பூசைக்கும் வரவில்லை.

இரண்டாம் தேதி வியாழக்கிழமை மதியம் ரோட்டில் உளுந்துச் செடியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு நிழல் நின்றது. மெலிந்திருக்கிறான். கையில் ஒரு பை. வாய் அசைந்தது. நான் மிஷினைப் பையிலிருந்து எடுத்து, அவன் பார்க்கும்படி காதில் மாட்டினேன். "சொல்லு, கேக்குது" என்றேன்.

"ஓரமாத் தள்ளிப் போடுங்கப்பா. கழுகுமல பஸ்ஸு மிதிச்சிட்டுப் போவுது" என்றான்.

இரண்டு பேரும் தள்ளிப் போட்டோம்.

அத்தை அவனை என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன். அது அவர்களுடையது. சாப்பிட்டான். சாம்பாரில் புளி கூட என்றான். அத்தை சிரித்தாள்.

சாயங்காலம் நானே அவனை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். "ஏ, கப்பல்காரரு வந்தாச்சு!" என்று சாமித்துரை எழுந்தான். நான் சொன்னேன்: "இவன் கப்பலுக்குப் போகவே இல்ல. இவன் கண்ணுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியும், அதனால எடுக்கல. கேன்டீன்ல சமைக்கான். நான் இத்தன நாளும் சொன்னது பூராவும் பொய்." மைக் இல்லாமல் சொன்னதால் மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

சாமித்துரை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில், "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி. அந்த வெளக்கு என்ன நெறம்? பொண்டாட்டி தெனம் கேக்கா" என்றான்.

நான் டெல்வினைப் பார்த்தேன். டெல்வின் டீ கிளாசை வாங்கிக்கொண்டு, "என்னைக் கேட்டா எப்படி சித்தப்பா தெரியும்?" என்றான். அப்புறம் சிரித்தான். சத்தமாகச் சிரித்தான். மிஷினில் கொய்ங் என்றது, ஆனாலும் நான் கழற்றவில்லை.

சனிக்கிழமை காலை கோவில்பட்டி பஸ் ஏறிவிட்டான். வேலை ஓசூரில். ஊர்ப் பெயரை அவனே சொன்னான், அதனால் உன் சத்தியம் உடையவில்லை. நம்பரை அத்தையிடம் கொடுத்திருக்கிறான். எனக்கு எழுதுவதற்கு விலாசம் கேட்டேன். தருகிறேன் என்றான். தரவில்லை. பஸ் திரும்பும்போது கையைக் காட்டினான். எனக்கா, அத்தைக்கா என்று தெரியவில்லை. மறுபடி எப்போது வருவான் என்று நான் கேட்கவில்லை.

பொன்னாடை இன்னும் மைக் பெட்டிமேல்தான் இருக்கிறது. அவன் தொடவில்லை. அத்தை இப்போது எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பேச்சு குறைவு. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. மிஷினை மாட்டிப் பார்த்தேன். அப்போதும் அப்படித்தான்.

உளுந்து அடித்தாயிற்று. உனக்கு இரண்டு படி எடுத்து வைத்திருக்கிறேன்.

சொல்ல வேறு ஒன்றும் இல்லை. இன்லேண்டில் பாதிப் பக்கம் மிச்சம் கிடக்கிறது. அப்படியே விடுகிறேன்.

மாமா
யோவான்